சந்தனம் வைத்த திரையும் நாற்பது நொடியும்

வருகிற திங்கட்கிழமை முதல் ஆய்வு மேசை உங்கள் இருவருடையது. ஆறே வருடம் வேலை பார்த்துவிட்டு, கணவருக்கு ஓசூரில் வேலை கிடைத்ததால் விலகிப் போகிற ஒருத்தி, முப்பது வருடம் உழைத்து ஓய்வு பெற்றவர்களைப் போல அனுபவம் சொல்லலாமா என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. ஆனால் எனக்கு எதில்தான் சந்தேகம் இல்லை? கம்பெனி பஸ் பாலத்தைத் தாண்டும்போதெல்லாம் கேஸை அணைத்தேனா என்று நினைப்பேன். பஸ் சிப்காட்டுக்குள் திரும்பும்போது, அணைத்தது நேற்றா இன்றா என்று நினைப்பேன். ஆறு வருடத்தில் ஒருநாள்கூட அடுப்பு எரிந்துகொண்டிருக்கவில்லை. இதையும் எழுதி வைக்கிறேன், பின்னால் தேவைப்படும்.

ஒப்படைப்புப் பட்டியலில் 'லேப்டாப் ஒன்று, சார்ஜர் ஒன்று' என்று இருக்கும். கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பட்டியலில் இல்லாத ஒன்றை நான் சொல்ல வேண்டும். அந்த லேப்டாப்பின் திரையில் ஒரு லாட் சரக்கை 'ரிலீஸ்' என்று தொட்டால் உடனே எதுவும் நடக்காது. ஒரு வட்டம் நாற்பது நொடி சுற்றும். அது முடிந்த பிறகுதான் லாட் பச்சையாகும், டிஸ்பாட்ச்சுக்குச் சீட்டு போகும். முதல் நாளே உங்களுக்கு எரிச்சல் வரும். கம்ப்யூட்டர்காரரைக் கூப்பிட்டு அந்த வட்டத்தை எடுக்கச் சொல்வீர்கள். கூப்பிடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

லாரி பிரேக்குக்கான பிராக்கெட்டுகளை நாம் வார்க்கிறோம். ஆய்வுக் குறிப்பைக் காகிதத்தில் எழுதக்கூடாது, வார்ப்பைப் பார்க்கிற இடத்திலேயே பதிய வேண்டும் என்று வாடிக்கையாளர் சொன்னபோது இந்த லேப்டாப்பை வாங்கினார்கள். புதிது இல்லை, யாரோ பயன்படுத்தியது. திரையை முழுக்கப் பின்னால் மடக்கினால் சிலேட்டு மாதிரி ஆகும். பாதி மடக்கினால் கூடாரம் மாதிரி மேசைமேல் நிற்கும். கீல் தளர்ந்துவிட்டதால் கூடாரம் சரிந்துவிடாமல் ரப்பர் பேண்டு போட்டிருக்கிறது. அது எஸ்தர் அக்காவின் டிபன் பாக்ஸ் ரப்பர் பேண்டு. பட்டியலில் வராது, ஆனால் அவர் கேட்டால் திருப்பித் தர வேண்டும்.

எஸ்தர் அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆய்வு மேசையில் ஒவ்வொரு வார்ப்பையும் சின்னச் சுத்தியலால் தட்டி, சத்தத்தைக் கேட்டு ஒதுக்குகிறவர். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாட்டுக் குழுவில் பாடுகிறவர். மற்ற நாட்களில் இரும்பு பாடுவதைக் கேட்கிறவர். லேப்டாப் வந்த முதல் வாரமே சிக்கல் வந்தது. கையுறை போட்ட விரலைத் திரை மதிக்கவில்லை. கையுறையைக் கழற்றினால் பாதுகாப்பு அதிகாரி மதிக்கவில்லை. மூன்றாம் நாள் நான் திரும்பிப் பார்த்தபோது அக்கா இரண்டு கையிலும் பிராக்கெட்டைப் பிடித்துக்கொண்டு, குனிந்து, மூக்கு நுனியால் 'சரி' என்ற கட்டத்தை அழுத்திக்கொண்டிருந்தார். நான் பதறியது அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"கை ரெண்டுலயும் ஆறு கிலோ வச்சினு இருக்கிறேன். மூக்கு சும்மாதான இருக்குது?"

மூக்கால் தொடக்கூடாது என்று ஓர் அறிவிப்பு எழுதினேன். விதிப் புத்தகத்தில் மூக்கைப் பற்றி எதுவும் இல்லை என்பதால் கிழித்தேன். மூக்கைத் துடைத்துவிட்டுத் தொடவும் என்று இரண்டாவது எழுதினேன். அதையும் ஒட்டவில்லை. ஒரு மாதத்தில் மேசையில் இருந்த நான்கு பேரும் மூக்கால்தான் பதிந்தார்கள். திரையில் 'சரி' இருந்த இடத்தில் கரிப் பொட்டு ஒன்று நிரந்தரமாகவே இருந்தது.

உண்மையான தொல்லை வேகம்தான். தொட்டால் மணல் கடிகாரம் சுற்றும், நாற்பது நொடி. ஒரு நாளில் எத்தனை லாட் பார்க்கிறோம் என்று உங்களுக்கே தெரியும். கடைசி லாட்டுக்கு மணல் கடிகாரம் சுற்றிக்கொண்டிருக்கும்போது கம்பெனி பஸ் ஹாரன் அடிக்கும். பஸ்ஸை விட்டால் ஷேர் ஆட்டோ. ஷேர் ஆட்டோ நிறைகிற வரைக்கும் நகராது. பக்கத்து வீட்டில் என் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பாள். அப்போது அவளுக்கு மூன்று வயது. சனிக்கிழமைகளில் நான் லேப்டாப்பை வீட்டுக்குக் கொண்டுவந்து மிச்ச வேலையை முடிப்பதைப் பார்த்து, உலகத்தில் எல்லாமே தொட்டால் மாறும் என்று முடிவு செய்திருந்தாள். கண்ணாடியைத் தேய்ப்பாள், டிவியைத் தேய்ப்பாள். தாமதமாக வருகிற நாளில் என் கன்னத்தில் விரலை வைத்து ஒரு பக்கமாகத் தள்ளுவாள், வேறு முகம் வருகிறதா என்று.

அதனால் மேலாளருக்கு மூன்று முறை எழுதினேன். மூன்றாவது கடிதத்தின் கடைசி வரி எனக்கு மனப்பாடம்: 'தொடுவதற்கும் நடப்பதற்கும் இடையில் உள்ள நேரத்தை முற்றிலும் நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

ஊத்துக்கோட்டையிலிருந்து கம்ப்யூட்டர்காரர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆணோ பெண்ணோ, அவருக்கு எல்லாரும் நைனாதான். லேப்டாப்பின் அடி மூடியைக் கழற்றி மேசைமேல் தட்டினார். ஒரு கரண்டி கரி மணல் கொட்டியது.

"இது லேப்டாப்பா வாணலியா நைனா? கடல வறுக்கலாம்போல கீது."

பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. வைத்தார், ராமைக் கூட்டினார், விசிறியைச் சுத்தம் செய்தார். மூடியைப் போட்டு என்னைத் தொடச் சொன்னார். தொட்டேன். விரலை எடுக்கும் முன் பச்சையாகிவிட்டது. பயத்தில் இன்னொரு முறை தொட்டுப் பார்க்கலாமா என்று தோன்றியது. அந்த மாதம் முழுக்க நான் ஒருநாளும் பஸ்ஸைத் தவறவிடவில்லை. என் கன்னத்தை யாரும் தள்ளவில்லை.

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு ஒரு லாட் வந்தது. வெளியே பார்க்க எந்தக் குறையும் இல்லை. எஸ்தர் அக்கா தட்டிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நிறுத்தினார். மறுபடி தட்டினார். சளி பிடித்தவன் பேசுகிற மாதிரி இருக்குது என்றார். எனக்கு அந்த வித்தியாசம் பாதி கேட்டது, பாதி கேட்கவில்லை. உள்ளே பொத்தல் இருக்கலாம் என்று லாட்டை அனுப்பாமல் ஹோல்டில் வைத்தேன். பெட்டிகளில் சிவப்பு அட்டை தொங்கியது. ஐந்து பிராக்கெட்டை அறுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், ஆனால் அறுக்கிறவர் பூஜைக்கு ஊருக்குப் போயிருந்தார். சத்தத்தை நம்பி சரக்கை நிறுத்துகிறீர்களா என்று மேலாளர் கேட்டார். வாடிக்கையாளர் தினமும் இரண்டு முறை போன் செய்தார்கள். நானும் அந்தப் பக்கத்தை ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை திறந்து, நான் செய்தது சரிதானா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பூஜை அன்று மதியமும் அப்படித்தான் திறந்து பார்த்தேன். அதற்குள் பொரிப் பொட்டலம் போட என்னைக் கூப்பிட்டார்கள். திரையை அணைக்காமல் போய்விட்டேன். இது என் தவறு, இதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

ஃபர்னஸ் ஏழுமலை அண்ணன்தான் நம் கம்பெனியில் வருடா வருடம் பூஜை போடுகிறவர். ஃபர்னஸில் தொடங்கி, கிரைண்டர், போர்க்லிப்ட், சுத்தியல், தராசு என்று ஒவ்வொன்றுக்கும் கட்டை விரலால் சந்தனம், அதன்மேல் மோதிர விரலால் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தார். ஆய்வு மேசையில் லேப்டாப் கூடாரமாக நின்றது. அதற்கும் நெற்றி இருப்பதாகப் பாவித்து, திரையின் நடுவில் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்தார். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. நான் பொரியில் வெல்லம் குறைவோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

பஸ்ஸுக்காக வாசலுக்கு வந்தபோது போர்க்லிப்ட் ஓட்டுகிறவர் எதிரில் வந்தார். கையில் சிவப்பு அட்டைகளைக் கட்டாகப் பிடித்திருந்தார். எதன் அட்டைகள் என்று கேட்டேன்.

"நீங்கதான மேடம் ரிலீஸ் வுட்டீங்க? பச்சையா வந்துச்சி. ஏத்தியாச்சி."

வாசலில் லாரி நின்றது. வாழைக் கன்று கட்டி, மாலை போட்டு, நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். பூசணிக்காயை உடைத்தாகிவிட்டது. பட்டு வேட்டியில் நின்ற மேலாளர், சரக்குக் கிளம்பிவிட்டது என்று வாடிக்கையாளரிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் ரிலீஸ் செய்யவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த பிறகு சந்தேகம் வந்துவிட்டது. உண்மையிலேயே செய்யவில்லையா? அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேனே. மனம் மாறித் தொட்டிருப்பேனோ? தொட்டதை மறந்திருப்பேனோ? கேஸை அணைத்ததை மறக்கிறவள் இதை மறக்க மாட்டாளா? என் விரலை நானே பார்த்தேன். வெல்லம் ஒட்டியிருந்தது. அதிலிருந்து ஒன்றும் தெரியவில்லை.

லாரி நகர்ந்தது. எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. பொரிப் பொட்டலத்தோடு நான் போய் லாரிக்கு முன்னால் நின்றேன். எப்போது நடந்தேன் என்று நினைவில்லை. டிரைவர் பிரேக் போட்டார். அந்த பிரேக் பிடித்தது என்பதை அந்த நேரத்திலும் கவனித்தேன்.

மேலாளர் போனைக் கையால் பொத்திக்கொண்டு வந்தார். "இன்னா மேடம் இது, நீங்களே ரிலீஸ் போடறீங்க, நீங்களே வந்து நிக்கறீங்க?"

"நான் போட்டேனான்னு தெரியல சார். நானே போட்டிருந்தாலும் அது தப்பு. வண்டிய நிறுத்துங்க."

இந்த ஒரு வரியைத்தான் உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போகிறேன். யார் செய்தது என்று கண்டுபிடித்த பிறகு நிறுத்தலாம் என்று நான் அங்கே யோசித்துக்கொண்டிருந்தால் லாரி தச்சூரைத் தாண்டியிருக்கும். யார் செய்தது என்பதற்கு அடுத்த வாரம் முழுக்க இருக்கிறது. லாரிக்கு அப்போது மட்டும்தான் இருந்தது.

மேலாளர் போனைப் பொத்தியிருந்த கையை எடுத்தார். பிறகு போனில், சின்னத் தாமதம் சார் என்றார். அடுத்து டிரைவர் மறுத்தார். எலுமிச்சம்பழத்தின்மேல் ஏறி இறங்கிய வண்டியைப் பின்னால் எடுக்க மாட்டாராம்.

"இன்னிக்கி ரிவர்ஸ் போட்டா வருஷம் பூரா ரிவர்ஸ்தான் சார். பேஜாரா பூடும்."

பத்து பேர் கூடி ஆலோசித்தார்கள். பின்னால் போகக்கூடாது, சரி. முன்னால் போயே திரும்பி வரலாமே என்று செக்யூரிட்டி யோசனை சொன்னார். டிரைவர் ஒத்துக்கொண்டார். லாரி நேராகப் போய், சிப்காட்டின் அடுத்த தெருவில் திரும்பி, மூன்று கம்பெனியைச் சுற்றிக்கொண்டு நம் பின் வாசலுக்கு வர வேண்டும். ஆனால் பச்சையில் இருக்கிற லாட்டைப் பின் வாசலில் உள்ளே விடச் சீட்டு கிடையாது. லாரி வந்து சேர்வதற்குள் லாட்டை மறுபடி ஹோல்டில் போட வேண்டும். நான் ஆய்வு மேசைக்கு ஓடினேன்.

அங்கே ஏழுமலை அண்ணன் நின்றார். பக்கத்தில் எஸ்தர் அக்கா மிச்சப் பொரியை மடித்துக்கொண்டிருந்தார். நான் கையை நீட்டியதும் அண்ணன் குறுக்கே வந்தார். "பூஜ போட்ட சாமான நாளைக்கிதான் மேடம் எடுக்கணும். இன்னிக்கி அதுக்கு ரெஸ்ட்டு."

அப்போதுதான் திரையைப் பார்த்தேன். லாட் பச்சையாக இருந்தது. அதன்மேல் நடுவில் சந்தனம், சந்தனத்தின்மேல் குங்குமம். எல்லாம் ஒரே கணத்தில் புரிந்தது. நான் திறந்து வைத்த பக்கத்தில் 'ரிலீஸ்' என்ற கட்டம் நடுவில்தான் இருக்கும். அதைத் தொட்டால் 'நிச்சயமாகவா?' என்று ஒரு கேள்வி அதே இடத்தில் எழும். கட்டை விரல் ரிலீஸைத் தொட்டது. மோதிர விரல் ஆமாம் என்றது.

"அண்ணா, நீங்க சந்தனம் வச்சதுல ரிலீஸ் ஆச்சு. குங்குமம் வச்சதுல உறுதி ஆச்சு."

அவர் இரண்டு விரலையும் தூக்கிப் பார்த்தார். கொஞ்சம் முன்பு நான் பார்த்த மாதிரியே பார்த்தார். "என் வேல போச்சா மேடம்?" என்றார், மெதுவாக.

வேலை போகாது என்று சொன்னேன். சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்று யோசிக்க நேரமில்லை. முதலில் ஹோல்டு போட வேண்டும் என்றேன். தொடக்கூடாதே என்றார் அவர். அவர் முகத்தில் இரண்டு பயமும் சண்டை போட்டன. வெளியே லாரி இரண்டாவது கம்பெனியைச் சுற்றிக்கொண்டிருக்கும்.

அண்ணன்தான் வழி கண்டுபிடித்தார். "கைதான் படக்கூடாது. பெரியவங்க மூக்கப் பத்தி ஒண்ணும் சொல்லல."

எல்லாரும் எஸ்தர் அக்காவைப் பார்த்தோம்.

"ஆமா, இதுக்கு மட்டும் நானு. ஊட்டுக்குப் போறப்பதான் எல்லாருக்கும் என் மூக்கு ஞாபகம் வருது" என்றார் அக்கா. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு குனிந்தார். நான் சொல்லச் சொல்ல, மேலே ஒரு முறை, நடுவில் ஒரு முறை அழுத்தினார். லாட் சிவப்பானது. அவர் நிமிர்ந்தபோது மூக்கு நுனியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. அண்ணன் அனிச்சையாகக் கைகூப்பினார். பின் வாசலில் லாரி ஹாரன் கேட்டது.

எனக்கு பஸ் போய்விட்டது. அன்று மகள் என் கன்னத்தை இரண்டு பக்கமும் தள்ளிப் பார்த்தாள்.

விடுமுறை முடிந்து ஐந்து பிராக்கெட்டை அறுத்தார்கள். முதல் நான்கும் சுத்தமாக, வெள்ளி மாதிரி இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டாகப் பிரியும்போது மேலாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான்காவது முடிந்ததும் ராஜினாமாக் கடிதத்தின் முதல் வரியை மனதில் எழுதிவிட்டேன். ஐந்தாவதில், பிரேக் பிடிக்கும்போது பாரம் முழுக்க இறங்குகிற இடத்தில், என் மகளின் கட்டை விரல் நுழையும் அளவுக்கு ஒரு பொத்தல் இருந்தது. எஸ்தர் அக்கா எட்டிப் பார்த்து, சளிதான் என்றார்.

சரக்குத் தாமதமானதற்கு வாடிக்கையாளர் காரணம் கேட்டார்கள். ஏன், ஏன் என்று ஐந்து முறை கேட்டு மூல காரணத்தைக் கண்டுபிடிக்கிற அந்தப் படிவம்; நீங்களும் நிறைய நிரப்புவீர்கள். ஆய்வாளரின் கவனக்குறைவு என்று எழுதி முடித்துவிடலாம், இல்லையென்றால் ஏழுமலையின் பெயரை எழுதலாம் என்று மேலாளர் சொன்னார். அவர் கெட்டவர் இல்லை, படிவம் சீக்கிரம் முடிய வேண்டும் என்று நினைத்தார். இரண்டு நாள் அந்தப் படிவத்தை எழுதி எழுதி அழித்தேன். கடைசியில் நடந்ததையே எழுதினேன். லாட் ஏன் ரிலீஸ் ஆனது? திரையில் சந்தனமும் குங்குமமும் வைக்கப்பட்டதால். வைத்தால் ஏன் ஆக வேண்டும்? பக்கம் திறந்திருந்ததால், திறந்து வைத்தது நான். இரண்டு விரலுக்கு இடையில் அதை யாரும் ஏன் தடுக்கவில்லை? தடுக்க நேரம் இல்லாததால். நேரம் ஏன் இல்லை? லேப்டாப்பை வேகமாக்கியதால். ஏன் வேகமாக்கினார்கள்? இணைப்பைப் பார்க்கவும் என்று எழுதி, என் மூன்றாவது கடிதத்தை இணைத்தேன்.

எழுதும்போதுதான் எனக்கே தெரிந்தது. பழைய மணல் கடிகாரம் சுற்றிய நாற்பது நொடியில் எத்தனையோ முறை நான் லாட் எண்ணை மறுபடி பார்த்து, தவறைப் பிடித்து, ரத்து செய்திருக்கிறேன். அதை வேலை என்று நான் கணக்கில் எடுத்ததே இல்லை. பஸ் ஹாரனைத்தான் கணக்கில் எடுத்தேன்.

வாடிக்கையாளர் தரப்பு அதிகாரி நேரில் வந்து படிவத்தை முழுக்கப் படித்தார். டீ ஆறிவிட்டது. ஒரே ஒரு கேள்வி கேட்டார். குங்குமம் எந்த விரல்? மோதிர விரல் சார் என்றேன். குறித்துக்கொண்டு, கையெழுத்துப் போட்டார்.

ஏழுமலை அண்ணனுக்கு மெமோ வரவில்லை. எனக்கு வந்தது, திரையை அணைக்காததற்கு. அது நியாயம்தான்.

கம்ப்யூட்டர்காரரை மறுபடி வரவழைத்தோம். ரிலீஸுக்கு மட்டும் ஒரு வட்டம் வைக்கச் சொன்னேன். அவர் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டார்.

"இருவது வருஷமா எல்லாரும் ஸ்பீடு பண்ணு நைனான்னுதான் வர்றாங்க. ஸ்லோ பண்ணுன்னு கேட்டது நீ ஒருத்திதான் நைனா. எவ்ளோ நேரம் வைக்கணும்?"

யோசிக்காமல் நாற்பது என்றேன்.

இவ்வளவுதான். பூஜை அன்று லேப்டாப்பை அணைத்து, மூடி, மேல்மூடியில் பொட்டு வைக்கச் சொல்லுங்கள். ஏழுமலை அண்ணன் இப்போதெல்லாம் அவரே கேட்டுவிட்டுத்தான் வைக்கிறார், தராசுக்குக்கூட. கீலில் கொஞ்சம் குங்குமம் இன்னும் இருக்கிறது. அது துடைத்தால் போகாது, பழுது என்று எழுதிவிடாதீர்கள்.

நேற்று என் பெயரில் இருக்கிற பொறுப்பை உங்கள் பெயருக்கு மாற்றுகிற பக்கத்தைத் திறந்து 'ஒப்படை' என்று தொட்டேன். அதற்கும் அந்த வட்டம் வரும் என்று எனக்குத் தெரியாது. இருபத்தெட்டாவது நொடியில் ரத்து செய்தேன், இந்தக் கதையை நான் உங்களிடம் சொல்லவில்லையே என்று. வீட்டுக்குப் போய் எழுதினேன். இன்று காலை மறுபடி தொட்டு, முப்பத்தைந்தில் ரத்து செய்தேன், ரப்பர் பேண்டைப் பற்றி எழுதினேனா என்று. எழுதியிருக்கிறேன்.

இப்போது மூன்றாவது முறை தொட்டுவிட்டு, வட்டம் சுற்றுகிற நேரத்தில் இந்தக் கடைசி வரிகளை எழுதுகிறேன். பஸ் ஹாரன் அடிக்கிறது. எஸ்தர் அக்கா தோளுக்குப் பின்னால் நின்று, "இன்னாம்மா, இன்னும் சுத்தினே கீதா?" என்கிறார். ஆமாம் அக்கா, இன்னும் பதினைந்து நொடி இருக்கிறது என்கிறேன். சரி சுத்தட்டும், பஸ்ஸை நிறுத்தி வைக்கிறேன் என்று வெளியே போகிறார்.